பதினோராயிரம் படிகள்

அத்தியாயம் ஆறு

பட்டறையில் மூன்று நாள் இடைவிடாமல் ஓட்டியும் அந்தப் புரோகிராம் ஒருமுறைகூட விழவில்லை. அதே புரோகிராம் அந்த வீட்டில் மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து முறை செத்துப்போகிறது.

"அப்படின்னா நாமதான் அங்க போகணும்" என்று சொல்லிவிட்டு, குண்டூசி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

குண்டூசி என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். ஐந்தடிக்கும் குறைந்த உயரம், கூரான மூக்கு, பதில் வரும்வரை குத்திக்கொண்டே இருக்கும் கேள்விகள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து சாகும் புரோகிராம்களைப் பிரித்துப் பார்த்து, ஏன் செத்தன என்று சொல்வது அவள் பிழைப்பு. கூடவே போவது அவள் உதவியாள் ஒட்டடை. நுழைகிற நிலைப்படியெல்லாம் இடிக்கும் உயரம் அவனுக்கு. வயது நாற்பதைத் தொடப்போகிறது. வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஏறும்போதே ஒட்டடை வழக்கை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டான். நோயாளி ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்துபவராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் வந்த நோய், விரலில் தொடங்கித் தொண்டைவரை ஒவ்வொரு தசையாக அணைத்துக்கொண்டே வந்தது. மிச்சம் வைத்தது கண்களை மட்டும். அந்தக் கண்களுக்கு எதிரே ஒரு பேச்சுப்பெட்டி நிற்கிறது. திரையில் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தை அவர் ஒரு விநாடி உற்றுப் பார்த்தால், கீழே இருக்கும் கேமரா அதைப் புரிந்துகொள்ளும். பெட்டி அந்த வாக்கியத்தைச் சொல்லும். கட்டத்தில் இல்லாததை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதலாம். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆகும்.

இந்தப் பெட்டிதான் மூன்று வாரமாக விழுகிறது. விழுந்தால் மறுபடி எழுப்பி, அவர் கண்ணுக்குப் பழக்கி முடிக்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவருக்குக் குரல் இல்லை. போன வாரம் அப்படி ஒரு இடைவெளியில் எச்சில் புரையேறி, கூப்பிட வழியில்லாமல் முகம் நீலம் பாரித்துவிட்டது. தற்செயலாக உள்ளே வந்த நர்ஸம்மாதான் பார்த்துக் காப்பாற்றினாள்.

அந்த நர்ஸம்மாவைத்தான் நோயாளியின் மகன் சந்தேகப்பட்டான்.

கதவைத் திறந்தவனே அவன்தான். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேலாளர், மடிப்புக் கலையாத சட்டை, தூங்காத கண்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் குற்றப்பத்திரிகையை வாசித்து முடித்துவிட்டான். அந்த அம்மா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கித் தன் போனுக்குச் சார்ஜ் போடுகிறாள். ஈரத்துணியால் துடைக்கிறாள். எதையோ அழுத்திக் கெடுத்திருக்கிறாள். காரணம் இன்று தெரிந்துவிட்டால் இன்றோடு அவளை நிறுத்திவிடுவதாகச் சொன்னான். பெட்டியைச் செய்த கம்பெனியோ, திருப்பிக் கொடுத்தால் மாற்றுப்பெட்டி வர மூன்று மாதம் ஆகும் என்கிறதாம்.

"மூணு மாசம் அப்பா பேசாம எப்படிங்க இருப்பாரு" என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் சட்டையைப் போல இல்லை.

அறை சிறியது. ஜன்னலோரம் கட்டில். கட்டிலின்மேல் ஓர் இரும்புக் கை நீண்டிருந்தது. அதன் நுனியில் பேச்சுப்பெட்டி. திரை அவர் முகத்தைப் பார்த்தபடி, முதுகு மற்ற எல்லோரையும் பார்த்தபடி. சுவரோரம் நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பை வாசல் பக்கம் தயாராக இருந்ததை ஒட்டடை கவனித்தான்.

குண்டூசி ஒவ்வொருவராகக் கேட்டாள். நர்ஸம்மா இரண்டே வாக்கியத்தில் முடித்தாள்: விழுந்தால் எழுப்பிவிடத் தெரியும், மற்றபடி அதில் ஒன்றும் தெரியாது. நோயாளியின் மனைவியிடம்தான் விஷயம் நிறைய இருந்தது. பெட்டி வந்த புதிதில் அவர் முதலில் செய்த வேலை, கம்பெனி எழுதி வைத்திருந்த எல்லாக் கட்டத்தையும் திருத்தியதுதானாம். 'தண்ணி வேணும்' என்று இருந்ததைத் 'தண்ணீர் வேண்டும்' என்று மாற்ற இரண்டு நாள் கண் நோக உட்கார்ந்தாராம். படுத்த படுக்கையிலும் ஒற்றெழுத்தை விடமாட்டார் என்று அந்த அம்மா சொன்னபோது அதில் சலிப்பும் இருந்தது, பெருமையும் இருந்தது.

அப்புறம்தான் ஆள் மாறிப்போனார். நாளெல்லாம் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு மாதம்போல எது கேட்டாலும் "பரவால்ல, பரவால்ல" என்றே சொன்னார். டாக்டருக்குச் சந்தோஷம். வலிக்கான மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அது ஆளை மயக்கத்திலேயே வைத்திருக்கிறது, குறைத்தால் தெளிவாக இருப்பார் என்றார். ஆனால் தெளிவு வரவில்லை. பரவாயில்லை என்பார், சற்று நேரத்தில் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்.

"ஒரு நாள் இந்தப் பெட்டி பொய் சொல்லுதுன்னாரு. பெட்டியே சொல்லுது, பெட்டி பொய் சொல்லுதுன்னு. டாக்டர்கிட்ட சொன்னேன். நோய் முத்தினா புத்தி கொஞ்சம் தடுமாறும்மா, அப்படித்தான் இருக்கும்னு எழுதிக்கிட்டாரு."

ஒட்டடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். கட்டிலில் இருந்த கண்கள் அவனைப் பார்த்துவிட்டு மேல்கூரைக்குப் போயின.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் பெட்டி விழ ஆரம்பித்தது. கதை அவ்வளவுதான்.

குண்டூசி தன் மடிக்கணினியைப் பெட்டியோடு கேபிளில் இணைத்து, டீபக்கரை ஓடவிட்டாள். டீபக்கர் என்பது ஓடுகிற புரோகிராமின் கூடவே ஓடி, அது விழுகிற கணத்தில் சட்டையைப் பிடித்து நிறுத்தும் கருவி. இப்போது எந்த வரியில் நிற்கிறாய், உன்னை யார் இங்கே அனுப்பியது, கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும். செத்த புரோகிராம் பொய் சொல்லாது என்பது குண்டூசியின் வேதம். ஆனால் அது முதலில் சாக வேண்டும்.

சாகவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. அவர் தண்ணீர் கேட்டார், பெட்டி சொன்னது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார், சொன்னது. ஒட்டடை பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். ஈரத்துணியால் துடைத்தான். நர்ஸம்மாவின் போனை வாங்கிச் சார்ஜ் போட்டுப் பார்த்தான். பெட்டி கல்லுக்குண்டாக நின்றது.

"பல்வலின்னு கெளம்புவோம், டாக்டர் வீட்டு வாசல்ல போய் நின்னா வலி போயிடும். அந்த மாதிரிதான்க்கா இது" என்றான்.

இன்னும் அரை மணி. மகன் வாட்சைப் பார்த்தான். கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசுவதாகச் சொல்லி முன்னறைக்குப் போனான். குண்டூசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளும் இந்த ஒன்றரை மணி நேரமும் சேர்ந்து, அவள் கையில் ஒரு தடயம்கூட இல்லை. அவள் இப்படிக் கையைப் பிசைந்து ஒட்டடை பார்த்ததில்லை.

பிறகு அவள் நிமிர்ந்தாள். நாற்காலியைக் கட்டில் அருகே இழுத்துப்போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஐயா, வந்ததுலேர்ந்து எல்லாரையும் கேட்டேன். உங்களக் கேக்கவே இல்ல. மன்னிச்சுக்கங்க. இது எப்ப விழும்னு உங்களுக்குத் தெரியுமா?"

கண்கள் மேலே போயின. மேலே போனால் ஆமாம், மூடினால் இல்லை. அவர் மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"இப்ப விழ வைக்க முடியுமா?"

மேலே.

அவர் திரையைப் பார்த்தார். இடது கீழ் மூலை. ஒரு விநாடி. திரை உறைந்தது; இருண்டது. பெட்டி மேசைவிசிறி நின்றாற்போல ஒரு சத்தத்தோடு அடங்கியது.

டீபக்கர் பிடித்துவிட்டது.

புரோகிராம் ஒரு வேலைக்குள் இன்னொரு வேலையாக இறங்கிப்போகும்போது, எந்தப் படி வழியாக வந்தது என்று ஒரு பட்டியல் இருக்கும். சாதாரணமாக இருபது முப்பது படி. குண்டூசி அதைத் திறந்து உருட்டினாள். உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர். கீழே எண்ணிக்கை நின்றது: பதினோராயிரத்துச் சொச்சம்.

ஒட்டடை குனிந்து பார்த்தான். "ஆபீஸ்ல கவுண்டர் ஒண்ணுல போய் நின்னா ரெண்டுக்குப் போங்கிறான். ரெண்டுல நின்னா ஒண்ணுக்குப் போங்கிறான். பதினோராயிரம் தடவ நடந்து கால் ஓஞ்சு செத்துருக்குக்கா, பாவம்."

"சரியாச் சொன்ன" என்றாள் குண்டூசி. "ரெண்டு கவுண்டர்லயும் என்ன எழுதியிருக்குன்னு பாப்போம்."

அந்த வேலையின் பெயர் 'உச்சரிப்பு'. பெட்டி சில பெயர்களைத் தப்பாகச் சொல்லும். அதற்காக ஒரு பட்டியல் உண்டு: இப்படி எழுதியிருந்தால் அப்படிச் சொல் என்று குறித்து வைக்கலாம். பெட்டி வாய் திறக்குமுன் பட்டியலைப் பார்க்கும். மாற்றுச்சொல் இருந்தால் எடுத்துக்கொள்ளும். அந்த மாற்றுச்சொல்லுக்கும் மாற்று இருக்கிறதா என்று மறுபடி பார்க்கும். பட்டறைக்கு அவர்கள் புரோகிராமை மட்டும் கொண்டுபோயிருந்தார்கள். பட்டியல் இங்கேயே இருந்துவிட்டது.

பட்டியலில் இரண்டே வரிகள்.

'வலிக்கிறது' என்றால் 'பரவால்ல' என்று சொல்.

'பரவால்ல' என்றால் 'வலிக்கிறது' என்று சொல்.

ஒட்டடை இரண்டாவது முறை படித்தான். அவர் உற்றுப் பார்த்த இடது மூலைக் கட்டத்தில் இருந்ததும் 'வலிக்கிறது' என்பதுதான்.

குண்டூசி மெல்லிய குரலில் தேதிகளைச் சொன்னாள். முதல் வரி ஐம்பது நாளுக்கு முன், பகல் இரண்டே முக்காலுக்கு, சில விநாடிகளில் தட்டப்பட்டது. இரண்டாவது இருபத்திரண்டு நாளுக்கு முன். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே பதினேழு நிமிடம்.

"பதினேழு நிமிஷம்னா..." என்று தொடங்கிய ஒட்டடை கட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"கண்ணால எழுதினது. அவரே."

"அவரே பட்டியலத் திறந்தாருன்னா, அந்த முதல் வரிய அழிச்சிருக்கலாமே?"

அழிக்க முடியாது என்று குண்டூசி காட்டினாள். கண் தவறிப் பட்டு எதுவும் அழிந்துவிடக் கூடாது என்று, அழிப்பதற்கு மட்டும் பூட்டு வைத்திருக்கிறார்கள். நாலு இலக்க எண் கேட்கும். சேர்ப்பதற்குப் பூட்டு இல்லை. அதனால் அவர் சேர்த்தார். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். முப்பத்தாறு வருடம் செய்த அதே வேலை. தப்பாக நின்ற சொல்லுக்கு எதிரே சரியான சொல்லை எழுதினார்.

பெட்டியை மறுபடி எழுப்பிக் கண்ணுக்குப் பழக்கும் வேலையை நர்ஸம்மா செய்தாள். முடிந்ததும் குண்டூசி அவரிடம், பெட்டி இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும், படிக்கட்டுமா என்று கேட்டாள். கண்கள் மேலே போயின.

ஐம்பது நாளுக்கு முன்னிருந்து படித்தார்கள். 'நான் அப்படிச் சொல்லவில்லை.' 'என்னைத் திரும்பக் கேளுங்கள்.' 'நான் எழுதுவது வேறு.' 'இந்தப் பெட்டி பொய் சொல்கிறது.' 'டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தைக் குறைக்க வேண்டாம்.' ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். பிறகு இரண்டு வாரம் தண்ணீர், ஜன்னல், விளக்கு. அவ்வளவுதான்.

சொன்னவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வாக்கியமும் அவருக்குப் புத்தி தடுமாறியதற்குச் சாட்சியாகப் போயிருந்தது.

"இதுல ஒரு இடத்துலயாவது ஒற்று விட்டிருக்காரா பாரு" என்றாள் குண்டூசி.

ஒட்டடை தேடினான். இல்லை. 'அப்படிச்', 'என்னைத்', 'இந்தப்'. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

"அப்ப 'பரவால்ல'ங்கிறது யார் எழுத்து? அவர் கட்டத்துல பாரு, 'பரவாயில்லை'ன்னு முழுசா வச்சிருக்காரு. ரெண்டாவது வரியில அவர் 'பரவால்ல'ன்னு எழுதினதுகூட, தப்புன்னு தெரிஞ்சே எழுதினதுதான். அப்படியே எழுதினாத்தான் பொருந்தும்."

ஒட்டடையின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போயிற்று. வாடிக்கையாளர்களுக்குப் பதில் போடுவது அவன்தான். நான்கு நாளுக்கு முன் மகன் அனுப்பிய செய்தியைத் தேடி எடுத்தான். 'லீவு நாள்ல வந்தாலும் பரவால்ல. தயவுசெஞ்சு சீக்கிரம் வாங்க.'

"ஊர்ல எல்லாரும் இப்படித்தான்க்கா எழுதுறாங்க" என்றான். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

"எழுதுவாங்க. ஆனா முதல் வரிய இந்த ரூம்ல உக்காந்து யாரும் எழுதல. வெளியிலேர்ந்து, நெட் வழியா வந்திருக்கு. அந்த வழியா நுழையற எண் பெட்டியில பதிஞ்சிருக்கறது ஒரே ஒரு ஆள் பேர்ல."

மகன் போனைக் காதிலிருந்து எடுத்தபடி உள்ளே வந்தான். குண்டூசி திரையை அவன் பக்கம் திருப்பிவைத்தாள்.

அவன் இரண்டு வரிகளையும் படித்தான். அம்மாவின் பக்கமும் திரும்பவில்லை, கட்டிலின் பக்கமும் திரும்பவில்லை.

ஐம்பது நாளுக்கு முன், அந்தப் பகலில் அம்மா கிடங்குக்குப் போன் பண்ணி அழுதாளாம். காலையிலிருந்து வலிக்கிறது வலிக்கிறது என்று அறுபது தடவை சொல்லிவிட்டார், கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுத்தாயிற்று, இனிக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள், இரண்டு நாளாக எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை, இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நான் முதலில் போய்விடுவேன் என்றாளாம். அவன் கிடங்கின் மூலையில் நின்றுகொண்டே போனில் அதைத் தட்டினான். ஒரு மதியத்துக்கு மட்டும். அம்மா சாப்பிட்டுக் கண்ணயரட்டும், சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று. சாயங்காலம் வந்தபோது அம்மா சாப்பிட்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டான். அப்பா பரவால்ல என்றார்.

"நாளைக்கு எடுத்துடலாம்னு நெனச்சேன். அப்புறம்... தெனமும் கேக்க கேக்க, அப்பாவே சொல்றாருன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேங்க."

மருந்தைக் குறைத்ததாக அம்மா சொன்ன அன்றாவது வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றான். திறக்கவில்லை. பெட்டி விழுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் உங்களைக் கூப்பிட்டிருப்பேனா என்று கேட்டான். யாரிடம் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவர் மனைவி கட்டில் காலைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். "நான் அழுதது நெஜந்தான்" என்று மட்டும் சொன்னாள். மகனைத் திட்டவில்லை. நர்ஸம்மா வாசலில் வைத்திருந்த பையை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

பூட்டின் எண்ணை மகன் அழுத்தினான். நான்கு இலக்கத்துக்கு மூன்று முறை தவறினான். இரண்டு வரிகளும் அழிந்தன. குண்டூசி பட்டியலை மூடிவிட்டு, இனிமேல் விழாது என்றாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒட்டடை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். வாடிக்கையாளரும் கை குலுக்குவார். ஒட்டடை கேபிளைச் சுற்றத் தொடங்கினான். சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினான்.

மகன் கட்டிலுக்கு அருகே போய்க் குனிந்தான்.

"மன்னிச்சுடுங்கப்பா."

அவர் கண்கள் திரைக்குப் போயின. கட்டங்களை விட்டுவிட்டு எழுத்துகளுக்குப் போயின. ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள். நடுவில் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. நீர் திரண்டால் கேமராவுக்குக் கண் தெரியாது. பெட்டி கீச்சென்று கத்தி எழுதுவதை நிறுத்திவிடும். நர்ஸம்மா துணியால் ஒற்றி எடுத்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மறுபடி நீர், மறுபடி அவள் ஒற்றினாள். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்பதற்காக மகன் குனிந்தபடியே நின்றான்.

ஒன்பது நிமிடம் கழித்துப் பெட்டி பேசியது.

"மருத்துவரைக் கூப்பிடு."

மகன் முன்னறைக்கு ஓடிப் போன் போட்டான். டாக்டர் வெளியூரில் இருந்தார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நேராக இங்கே வருவதாகச் சொன்னார். போனில் மருந்தைக் கூட்ட முடியாது. அவரை நேரில் பார்க்க வேண்டும், மூச்சைப் பார்க்க வேண்டும். அதுவரை இருக்கிற மாத்திரையில் ஒன்று கூடுதலாகக் கொடுக்கலாம், அதற்குமேல் கூடாது. வேறு டாக்டர்கள் இரண்டு பேருக்குப் போட்டான். பார்க்காத நோயாளிக்கு இந்த மருந்து எழுத மாட்டோம் என்றார்கள். பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டான். மூன்று மாடி, ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாத படிக்கட்டு, அசைத்தால் இன்னும் வலிக்கும் என்றாள் நர்ஸம்மா. கட்டிலில் கண்கள் மூடித் திறந்தன. வேண்டாம்.

கூடுதல் மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் பார்த்தார்கள்.

"வலிக்கிறது" என்றது பெட்டி.

குண்டூசி பையை மாட்டிக்கொண்டாள். ஆனால் வாசலுக்குப் போகாமல் நின்றாள். "நம்மளால இனி ஒண்ணும் ஆகாதாக்கா?" என்று ஒட்டடை காதோடு கேட்டான். இல்லை என்று அவள் தலையசைத்தாள். பெட்டி சரியாக வேலை செய்கிறது. அவள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

"வலிக்கிறது."

மகன் குண்டூசி உட்கார்ந்திருந்த நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். போனை அணைத்துத் தரையில் வைத்தான்.

"ஆமாப்பா" என்றான்.

"வலிக்கிறது."

"ஆமாப்பா. கேக்குது."

அவர்கள் படியில் இறங்கும்போதும் இரண்டு குரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒட்டடை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பகல் பன்னிரண்டுதான் ஆகியிருந்தது. டாக்டர் வர இன்னும் இருபத்தொரு மணி நேரம் இருந்தது.